தொரை துப்பாக்கியும் நான் சொல்லாமல் விட்ட பதிலும்

என் அன்பு மாமாவுக்கு,

சாப்பிட்டீங்களா மாமா? இருபது வருடமாக உங்களிடம் எந்தப் பேச்சையும் நான் இந்தக் கேள்வியில்தான் தொடங்கியிருக்கிறேன். வேறு மாதிரி தொடங்க எனக்கு வரவில்லை.

நாளை மறுநாள் நீங்கள் போய் ஓராண்டு. பேப்பரில் படம் போட்டுக் கீழே நான்கு வரி எழுதிக் கொடு என்று உங்கள் மகன் சேகர் கேட்டார். கட்டம்போட்ட சட்டையில், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அந்தப் படம்தான். எழுத உட்கார்ந்தேன். உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் ரஹாங் வீட்டு முகவரியும் நான்கு வரியில் அடங்கிவிட்டன. சொல்ல வேண்டியது அடங்கவில்லை.

மாமனாருக்கு மருமகள் நாலு பேர் படிக்கிற இடத்தில் கடிதம் எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "இருந்தப்ப பேசாததயெல்லாம் இப்ப பேசப் போறியாக்கும்? பேசு, பேசு. பதில் சொல்லாத ஆளுகிட்ட பேசறதுதான் சுலபம்" என்றார். அத்தை அப்படியேதான் இருக்கிறார். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

துப்பாக்கி என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? வரிசையாகச் சொல்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மாமா, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது எஸ்டேட்டுகளில் பன்றி விரட்ட லைசன்ஸ் வாங்கி வைத்திருக்கிற துப்பாக்கி இல்லை. யானைக்கும் செலாடாங்குக்கும் என்று அந்தக் காலத்தில் சீமையில் செய்த இரட்டைக் குழல் ரைபிள். ஐந்து கிலோ அரிசிப் பையின் கனம். ஒவ்வொரு தோட்டாவும் என் நடுவிரலைவிட நீளம், கட்டைவிரல் தடிமன். இரண்டு குழல்கள் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி பக்கம் பக்கமாக இருக்கும். விசையும் இரண்டு. முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. மேலே உள்ள நெம்புகோலை விரலால் தள்ளினால் குழல்கள் இரண்டும் தலை குனிந்து திறந்துகொள்ளும்.

எஸ்டேட்டில் பெரிய தொரை வைத்திருந்தது அது. நீங்கள் அப்போது இளவயது மண்டோர், கங்காணி. தொரை காட்டோரம் போனால் அதைச் சுமந்துகொண்டு பின்னால் போகிறவர். ஒரு நாள் தொரை சுட்ட செலாடாங், அந்தப் பெரிய காட்டுமாடு, விழாமல் லாலாங் புல்லுக்குள் ரத்தம் சொட்டிக்கொண்டே போய்விட்டது. அடிபட்ட மாட்டை அப்படியே விட்டால் மறுநாள் பால் மரம் வெட்டப் போகிற பெண்கள்மேல் அது பாயும். தேடிப் போகத் தொரைக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் போனீர்கள். ஒரே ஒரு தோட்டாவில் முடித்தீர்கள். எஸ்டேட் கைமாறி, தொரை தன் ஊருக்குப் போகும்போது, முறைப்படி எழுதி லைசன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அதை வைத்து நீங்கள் ஓர் உயிரையும் எடுக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தரம் மம்பாவ் தாண்டியிருக்கிற சுடும் சங்கத்துக்குக் கொண்டுபோய் அட்டைமேல் இரண்டு தோட்டா. வலது ஒன்று, இடது ஒன்று. வீட்டுக்கு வந்து தோளுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லி அத்தைமுன் உட்காருவீர்கள். அவ்வளவுதான் உங்கள் வேட்டை.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் பேப்பரை விரித்து அதைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்தால் வாசலிலேயே அந்த எண்ணெய் வாடை. கெமாஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்த இரும்பெல்லாம் தண்டவாளத்தில் ஓடுகிற இரும்பு. இதைப் பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கி உள்ளே போய்விடுவேன். அனு பிறந்து தவழத் தொடங்கிய மாதம் ஒரு நாள் சொன்னேன், "கூடத்துல வேணாம் மாமா."

"சரிம்மா" என்றீர்கள்.

அவ்வளவுதான் நடந்தது. கோபம் இல்லை, விவாதம் இல்லை. அடுத்த ஞாயிறு உங்கள் அறைக் கதவு மூடியிருந்தது. அதற்குப் பின் எல்லா ஞாயிறும் மூடியிருந்தது. நான் கேட்டது ஓர் இடம் மாற்றத்தைத்தான். நீங்கள் அந்தப் பேச்சையே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். அப்படி நினைத்துக்கொண்டேதான் நானும் இத்தனை வருடம் இருந்தேன்.

கதவு மூடினாலும் சத்தம் வரும், மாமா. டக் என்று ஒரு சத்தம், திறக்கிறது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு பரலோக செபம் சொல்லி முடிக்கிற நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் மறுபடி டக், மூடுகிறது. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு எத்தனை ஞாயிறு கேட்டிருப்பேன்! நடுவில் இருக்கிற அந்த மௌனம் எதற்கென்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

உங்கள் கண்ணில் புரை முற்றியிருந்த சமயம் ஒன்று நடந்தது. உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. நான் படித்துவிட்டு ஊரார் கண்ணைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறவள். உங்கள் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தவளும் நான்தான். அந்த ஞாயிறு உங்கள் கதவு ஒரு சாண் திறந்தது.

"ரோசும்மா, ஒரு நிமிசம் வந்து இந்தக் குழலுக்குள்ள பாத்துச் சொல்றியா? எனக்கு மங்கலா இருக்கு. வெளிச்சம் வட்டமா தெரியுதாம்மா?"

"துணி காயப் போடணும் மாமா" என்றேன்.

"சரிம்மா."

கதவு மூடியது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, மாமா. மழையில் யார் துணி காயப் போடுவார்கள்?

நீங்கள் போன மறுவாரமே துப்பாக்கியை போலீஸ் பாலாயில் ஒப்படைத்தோம். சட்டம் அது. லைசன்ஸ்காரர் இல்லையென்றால் ஆயுதம் வீட்டில் இருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கார் நின்றதும் சேகர் சொன்னார், "இத்தோட தொல்லை விட்டுது லா. நம்ம பேருக்கு லைசன்ஸ் கேக்கலேன்னா அவங்களே வெட்டிப் போட்டுருவாங்க."

"வெட்டுவாங்களா?"

"மெஷின்ல வெச்சி மூணு துண்டா. எனக்கு சத்தமே ஆவாது, ஒனக்குத் தெரியுந்தானே. தீபாவளிக்கே நான் ரூமுக்குள்ள போயிருவேன்."

உங்கள் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. வெட்டுவார்கள் என்ற சொல் மட்டும் எனக்கு நெஞ்சில் தைத்தது. அந்தக் குழலுக்குள் நான் பார்த்துச் சொல்லாத ஒரு பதில் இருந்தது. அதை யாரோ மூன்று துண்டாக வெட்டிவிட்டால் அப்புறம் எங்கே போய்ப் பார்ப்பேன்?

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்க்கார சார்ஜன். லைசன்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். என் அடையாள அட்டையைப் பார்த்தார். "மெனாந்துவா?" என்று கேட்டார். ஆமாம், மருமகள் என்றேன். அவர் சொன்னதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. நீங்கள் அவரிடம் இரண்டு தடவை வந்திருக்கிறீர்கள். உங்கள் காலத்துக்குப் பிறகு இதை மருமகள் பெயருக்கு மாற்ற முடியுமா, பெண்ணுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மகனைப் பற்றிக் கேட்கவேயில்லையாம்.

ஏன் மாமா? வீட்டில் அதைக் கண்டாலே முகம் திருப்புகிறவள் நான் ஒருத்திதானே?

அங்கேயே மனுவை வாங்கி நிரப்பினேன். சேகர் பக்கத்தில் நின்று, "ரோஸ், ஒனக்கு பேய் கீய் புடிச்சிருச்சா?" என்று காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். அனுவுக்குப் போன் போட்டபோது, "அம்மா, நீங்களா? கரப்பான்பூச்சிக்கே நாற்காலி மேல ஏறுவீங்களே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாதங்கள் போயின. வீட்டுக்கு வந்து அலமாரியைச் சோதித்தார்கள். கடைசியில் மூன்று மாதத்துக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். அதற்குள் சுடும் சங்கத்திலிருந்து, இந்தப் பெண்ணுக்கு இதைக் கையாளத் தெரியும் என்று ஒரு கடிதம் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் துப்பாக்கி திரும்பவும் பாலாய்க்கு. அங்கிருந்து மெஷினுக்கு.

சங்கத்தில் தேவராஜ் அண்ணன்தான் இன்னும் பொறுப்பு. கெமாஸ் முகாமில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், உங்களுக்குத் தெரியும். நான் கெமாஸ்காரி என்றதும் முதல் நாளே ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சங்கத்தின் சின்ன ரைபிளில் பழகினேன். கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். மூச்சைப் பற்றித்தான் தெரியவில்லை. "தங்கச்சி, நீ சுடற மாதிரியே இல்ல, சூப் ஆத்தற மாதிரி ஊதற" என்பார். பிறகு பிறகு சரியாயிற்று. பெரியதைக் கொண்டு வா என்று ஒரு சனிக்கிழமை சொன்னார். நாள் குறித்தோம்.

இடையில் ஆயுத பூசை வந்தது. இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

உங்களுக்கு வருடம் திரும்பவில்லை. அத்தை எந்தப் பண்டிகையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் அவர் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். எனக்கு மனது கேட்கவில்லை. வருடம் தவறாமல் நீங்கள் அதற்குப் பொட்டு வைத்து மாலை போடுவீர்கள். இந்த வருடம் அது அலமாரியில் அநாதையாக நிற்கிறதே என்று தோன்றியது. நான் வேதக்காரி. உங்கள் வீட்டுத் தீட்டு என்னைத் தடுக்குமா, தடுக்காதா என்றுகூடத் தெரியாது. சாவியை எடுத்துத் திறந்தேன்.

எனக்குத் தெரிந்த பூசையெல்லாம் மற்றவர்கள் செய்ய ஓரமாக நின்று பார்த்ததுதான். லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். முனீஸ்வரர் கோயிலில் சூலத்தின் முனையில் குத்துவார்கள். பாராங் கத்தியின் நுனியிலும் குத்துவார்கள். ஆபத்தான எதுவானாலும் அதன் முனையில் ஒரு பழத்தைக் குத்திவிட்டால் சாந்தமாகிவிடும் என்று நானாகப் புரிந்து வைத்திருந்தேன். வாசல் தொட்டியில் காய்த்திருந்த சின்ன லீமாவ் எலுமிச்சை இரண்டு பறித்தேன். குழலுக்கு ஒன்றாக இரண்டையும் முனையில் அழுத்திக் குத்தினேன். இரும்பில் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். என் ஜெபமாலையைப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டேன். இரண்டு சாமிக்கும் பொதுவாக ஒரு பூசை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அத்தை வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பழத்தைப் பிடுங்கியபோது சாறு வழிந்தது. துணியைச் சுற்றி விரலால் குழல் வாயைத் துடைத்தேன். எண்ணெய் தடவிப் பூட்டினேன். துடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. சங்கத்தின் பின்னால் இருந்த ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய்ப் பனை. காலை வெயில் மட்டை மட்டையாக விழுந்துகொண்டிருந்தது. நான் மட்டும்தான் போயிருந்தேன். சேகர் வர மாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார். மேசைமேல் உங்கள் துப்பாக்கியை வைத்தேன். தேவராஜ் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தோட்டாவை என்முன் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

நெம்புகோலைத் தள்ளினேன். டக்.

தோட்டாவை எடுத்தேன். குழலின் திறந்த பின்பக்கத்துக்கு அருகே கொண்டுபோனேன். அப்போது என்னவோ சரியில்லை என்று தோன்றியது, மாமா. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. என் காதுக்குத்தான் குறைந்தது. டக் என்ற சத்தத்துக்கு அப்புறம் ஒன்று இருக்க வேண்டும். இருபது வருட ஞாயிற்றுக்கிழமை என் காதில் இருந்தது. அந்த மௌனம் வரவில்லை.

தோட்டாவைக் கீழே வைத்தேன். துப்பாக்கியைத் தூக்கி, திறந்த பக்கத்தைக் கண்ணுக்கு வைத்து, குழலை வானத்துக்குக் காட்டினேன். வலது குழலில் வெளிச்சம் வட்டத்துக்குள் வட்டமாக, கிணற்றுக்குள் பார்க்கிற நிலா மாதிரி முழுசாக இருந்தது. இடது குழலில் பாதி நிலாகூட இல்லை. ஓரத்தில் ஒரு கீற்று. மற்றதெல்லாம் இருட்டு.

"அண்ணே" என்றேன்.

அவர் வந்து பார்த்தார். கம்பியை விட்டுத் தள்ளினார். காய்ந்து சுருண்ட லீமாவ் தோல் ஒன்று, நடுவில் ஒரு கொட்டையோடு, மேசைமேல் வந்து விழுந்தது. வலதில் குத்தின பழம் முழுசாக வந்துவிட்டது; இடதில் குத்தினதைக் குழல் வாய் வட்டமாக வெட்டி, தக்கை மாதிரி உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. நான் விரலால் துடைத்துத் துடைத்து இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன்.

தேவராஜ் அண்ணன் அதைச் சுண்டுவிரலில் எடுத்துப் பார்த்தார். "என்னா தங்கச்சி இது? சுடறதுக்கு வந்தியா, ஊறுகா போட வந்தியா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "இதோட சுட்டிருந்தா குழல் வெடிச்சிரும்மா. ஒன் எடது கையி இப்ப அந்தப் பனைமரத்துல தொங்கும். நான் பாக்கச் சொல்லக் கூடாதுன்னு நின்னேன். நீயா பாக்கறியான்னு பாத்தேன். தோட்டாவ குழல்கிட்ட கொண்டுபோனப்ப வாயத் தொறந்துட்டேன். நீ கீழ வெச்சிட்ட."

"அப்ப கடுதாசி?"

"இன்னிக்குக் கெடையாது. பழம் குத்தினதுக்கு இது தண்டனை. வீட்டுக்குப் போயி சுத்தமா கழுவி எண்ண போட்டுக்கிட்டு அடுத்த சனிக்கெழம வா."

அனுமதி அதற்கடுத்த திங்கட்கிழமையோடு முடிகிறது. இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருந்தது. திரும்பி வரும் வழி முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்த என் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அத்தையிடம் மறைக்க முடியவில்லை. சமையலறையில் நின்று ஒப்பித்தேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர சிரித்தார். நீங்கள் போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அடிப் பாவி! கொழல்ல பழம் குத்துவாங்களாடி? ஒங்க மாமா அதுக்கு எதிர்ல ஒரு தட்டுல வைப்பாரு. பொட்டுகூட மரக்கட்டையிலதான் வைப்பாரு, இரும்புல வெச்சா துருப் புடிக்கும்னு. நான் ஒரு வருசம் தெரியாம இரும்புல வெச்சிட்டேன். மூணு நாளு எங்கிட்ட பேசல அந்த மனுசன்."

"நீங்க ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீதான் கூடத்துலயே வேணாம்னுட்டியே!"

சுருக்கென்று இருந்தது. அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பழைய பனியனைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "இந்தத் துணியிலதான் தொடைப்பாரு. வா, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். அறையில வேணாம், இருட்டு. கூடத்துக்குக் கொண்டா."

அன்று கூடத்தில் பேப்பர் விரித்தோம், மாமா. இடது குழலின் வாயோரத்தில், சாறு பட்ட இடத்தில், ஒரு கடுகளவு கறை விழுந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சேகர் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்து, "நாஞ் சும்மா புடிச்சிக்கறேன், நீ தொடை" என்றார். அதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லையாம்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியைச் சுமந்துகொண்டு என்னோடு வந்தவர் சேகர்தான். காரிலிருந்தே காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினார். தேவராஜ் அண்ணன், "தம்பி, இங்க இன்னும் ஒருத்தரும் சுடல லா" என்றார். சேகருக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டினார்.

டக். வானத்தைப் பார்த்தேன். ஒரு பரலோக செபம் முழுசாகச் சொன்னேன். இரண்டு தோட்டா போட்டேன். டக்.

தோளில் அணைத்தேன். அட்டை எங்கேயோ தூரத்தில் தபால்தலை மாதிரி தெரிந்தது. முன்விசை.

அது உதை இல்லை, மாமா. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கெமாஸ் ஜங்ஷனில் இன்ஜின் பின்னால் வந்து பெட்டி வரிசையை முட்டும். முதல் பெட்டி அந்த அடியை வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததுக்கு. கடைசிப் பெட்டி வரைக்கும் தடதடவென்று போகும். குவார்ட்டர்ஸ் ஜன்னல்கூட ஆடும். அப்படித்தான் இருந்தது. தோளில் வாங்கியது முதுகு, இடுப்பு, முழங்கால் என்று கைமாறி மண்ணுக்குள் போயிற்று. நான் நின்றுகொண்டிருந்தேன். நான் எதிர்பார்க்காதது அதுதான். விழுந்துவிடுவேன் என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன்.

அடுத்தது இடது குழல். பழம் இருந்த குழல். பின்விசையில் வைத்த விரலை எடுத்துவிட்டேன். கேட்காமலே துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, மறுபடி வானத்தைப் பார்த்தேன். வட்டம் முழுசாக இருந்தது. இடது குழலுக்கு மட்டும் தோட்டா போட்டு மூடினேன். சுட்டேன்.

அட்டையில் இரண்டு ஓட்டை. ஒன்று மேலே ஓரத்தில், ஒன்று ஒரு சாண் தள்ளி. உங்களுடையது இரண்டும் ஓர் உள்ளங்கைக்குள் இருக்குமாம். இருக்கட்டும். எனக்கு இது முதல் வருடம்.

சேகர் காதுக்கவசத்தைக் கழற்றாமலே உரக்கப் பேசினார். "அப்பா தோளு இப்பிடித்தான் பின்னால போகுமா? கூப்புட்டாரு ரோஸ், சின்ன வயசுல எத்தினியோ வாட்டி. நா ஒரு வாட்டிகூட வரல." பனைத் தோட்டம் முழுக்க அது கேட்டிருக்கும்.

தேவராஜ் அண்ணன் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். மலாயில் நான்கே வரி. எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"ஒங்க மாமா வந்தா ரெண்டு தோட்டாதான் சுடுவாரு. ஆனா குழலுக்குள்ள பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பாரு. ஒரு தரம் கேட்டேன், என்னா ஐயா, உள்ள படம் ஓடுதான்னு. அப்பத்தான் சொன்னாரு. எல்லாரும் இத தோள்ல வெச்சி போட்டோ எடுத்துக் குடுன்னுதாம்ப்பா கேக்கறாங்க. எம் மருமக ஒண்ணுதான் கூடத்துல வேணாம்னுச்சு. இதுக்கு எப்பிடி பயப்படணுமோ அப்பிடி பயந்தது அது ஒண்ணுதான். நாளைக்கு அதுங்கிட்டத்தான் குடுக்கணும்னாரு."

கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்து, என்னிடம் நீட்டினார்.

அப்படியானால் அந்த "சரிம்மா"வுக்கு அர்த்தம் அதுவா? நான் உங்களைக் கூடத்தைவிட்டுத் துரத்திவிட்டேன் என்று குற்றத்தோடு நடமாடிக்கொண்டிருந்தபோது, நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் சந்தோஷமாகவா இருந்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை காலையிலேயே கடிதத்தை பாலாயில் கொடுத்தேன். லைசன்ஸ் புத்தகத்தில் இப்போது என் பெயர். சார்ஜன் என்னைப் பார்த்து, கிழவர் கெட்டிக்காரர் என்றார். அனு அடுத்த விடுமுறைக்கு வருகிறாள். தானும் பார்க்க வேண்டும் என்கிறாள். தொடுவதற்கு முன் பயப்படக் கற்றுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறாள். பார்ப்போம்.

இனி நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. வருடத்துக்கு இரண்டு தோட்டா, வலது ஒன்று, இடது ஒன்று. உயிர் எதன்மேலும் அது திரும்பாது. ஆயுத பூசைக்குப் பழம் எதிரே தட்டில் இருக்கும், பொட்டு மரக்கட்டையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூடத்தில் பேப்பரை விரிப்பேன். அத்தை "தரையெல்லாம் எண்ண" என்று கத்துவார். கத்தட்டும். உங்கள் அறைக் கதவு திறந்தே இருக்கும்.

நேற்றும் ஞாயிறுதான். வெளியே மழை. துணி எதுவும் காயப் போடவில்லை. வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, குழலைத் திறந்து, மழை வானத்துக்குக் காட்டி, செபம் முடிகிற வரைக்கும் பார்த்தேன். நீங்கள் அன்று கதவோரம் நின்று கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

தெரியுது மாமா. வட்டமா தெரியுது. ரெண்டுமே.

உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து,
நீங்கள் போனபின் உங்கள் மகளானவள்,
ரோஸ்